நாலாம் எண் முயல்

1

ஊரிலிருந்து வரும் கடிதங்களில் என் வேலையை ஆஸ்பத்திரி வேலை என்று எழுதுகிறார்கள். நான் திருத்தியதில்லை. கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முயல் பார்த்துக்கொள்கிறேன். கூண்டு கழுவுவேன். தீனி வைப்பேன். ஊசி போடும்போது பிடித்துக்கொள்வேன்.

நாளை தைப்பூசம். பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் காலையிலிருந்து பால்குடமும் மஞ்சள் துணியும் வாங்க ஆள் நிற்கிறது. பத்துமலைக்குப் பஸ் ஏற இன்றே கூட்டம். நான் போகவில்லை. எட்டு வருடமாகப் போகவில்லை. என் மனைவி தனம் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். மகள் கலா கேட்டதே இல்லை.

அதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பத்திரிகையில் திருத்திக்கொள்வார்கள்.

2

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். எழுபதுகளின் தொடக்கத்தில் பெர்மிட்டில் வந்தேன். பிரிக்பீல்ட்ஸில் உறவுக்காரர் ஒருவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். அதில் வேலை பார்த்தேன். அவர் இறந்ததும் கடை போயிற்று. அங்கே முடி வெட்டிக்கொள்ள வந்த ஒரு கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, என்னை ஆராய்ச்சிக்கூடத்தில் தினக்கூலியாகச் சேர்த்துவிட்டார்.

"முயல் காதுல முடி எடுக்கணும். நரம்பு தெரியிற மாதிரி. வெட்டுப்படக் கூடாது. உனக்கு வரும்."

வந்தது. சவரக் கத்திக்குக் கீழே மனிதனும் முயலும் ஒன்றுதான். பிடிக்கிற கை பயந்தால் அதுவும் பயப்படும்.

தினக்கூலியாகவே பல வருடம் ஓடிற்று. காரணம் என் அடையாளக் கார்டு. இங்கே குடிமகனுக்கு நீலக் கார்டு. என்னைப் போல வந்து தங்கியவனுக்குச் சிவப்பு. சிவப்புக் கார்டுக்கு நிரந்தர வேலை இல்லை என்று ஆபீஸில் சொன்னார்கள். வீட்டில் மூன்று பேர். எனக்கும் தனத்துக்கும் சிவப்பு. இங்கே பிறந்த கலாவுக்கு நீலம். பன்னிரண்டு வயதில் அவள் கார்டு வாங்கி வந்த அன்று, மூன்றையும் மேசைமேல் வைத்துப் பார்த்தோம். கலா அவளுடையதை முதலில் எடுத்துக்கொண்டாள்.

குடியுரிமை மனு மலாயில். கலாதான் நிரப்புவாள்.

"அப்பா, பிறந்த தேதி?"

"ஆடி மாசம்."

"அது தேதி இல்லப்பா."

பாஸ்போர்ட்டில் இருந்ததைப் பார்த்து எழுதினாள். முதல் தடவை திரும்பி வந்தது. என் அப்பா பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரி, இன்னொரு தாளில் வேறு மாதிரி. அடுத்த தடவை பதிலே வரவில்லை. மூன்றாம் தடவை வேலையிடத்துப் பெரியவர் கையெழுத்தில் நன்னடத்தைக் கடிதம் கேட்டார்கள். எங்கள் புரொபசர் தருவதாகச் சொன்னார். வெளிநாடு போய்வந்து எழுதுகிறேன் என்றார்.

நான் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். கார்டு வந்தால் மூன்று வருடம் பால்காவடி. வருவதற்கு முன்பே முதல் காவடியை எடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

3

அந்த வருடம் என் பொறுப்பில் ஆறு முயல் இருந்தது. மிஸ் ராஜியின் முயல்கள்.

மிஸ் ராஜி யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம். அப்பா ரயில்வேயில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜி மேல்படிப்புக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். உதவித்தொகை ஜூனோடு முடியும். அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். என்னை அண்ணே என்பார். அந்தக் கட்டடத்தில் என்னிடம் உட்கார்ந்து பேசியவர் அவர் ஒருவர்தான்.

அவர் செய்தது ஆன்டிபாடி. எனக்கு அவர் சொன்னபடி சொல்கிறேன். உடம்பில் செல் என்று சின்னச் சின்னதாக இருக்கிறது. அது ஒன்று இரண்டாகப் பிரிந்துதான் உடம்பு வளர்கிறது. எப்போது பிரியலாம், எப்போது கூடாது என்று பார்த்துக்கொள்ள ஒரு புரதம் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. அதைப் போய்ப் பிடித்துக்கொள்ளும் பொருளை முயலின் ரத்தத்தில் உண்டாக்கினால், அதை வைத்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம்.

"இந்தப் புரதம் ரொட்டி ஈஸ்ட்ல இருக்கு அண்ணே. மீன்ல இருக்கு. எலியில இருக்கு. உங்ககிட்ட இருக்கு. எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி."

"முயல்கிட்ட?"

"அதுகிட்டயும்தான்."

"அப்ப அதுக்குச் சொந்தப் பொருள்தானே. அதையே ஊசியில குத்துனா எதுக்கு எதிர்க்கப் போவுது?"

மிஸ் ராஜி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "புரொபசர் கேட்ட கேள்வி அண்ணே இது. அதான் கஷ்டம்."

அந்தப் புரதத்தின் ஒரு துண்டை வெளிநாட்டில் செய்து வரவழைத்தார்கள். ஐந்து முயலுக்கு அதைப் போட்டோம். ஆறாம் எண்ணுக்கு வெறும் உப்புத் தண்ணீரும் எண்ணெயும். ஒப்பிட்டுப் பார்க்க. மாதக்கணக்கில் போட்டோம். நான் காதைச் சிரைத்துப் பிடிப்பேன். அவர் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் போய்ப் பார்ப்பார். நான்கு முயல் அந்தப் புரதத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. நாலாம் எண் மட்டும் எதிர்த்தது.

நாலாம் எண் பொல்லாதது. வலது காது நுனி மடிந்திருக்கும். பிடிக்கப் போனால் பின்காலால் உதைக்கும். என் முன்கையில் அதன் கீறல் இன்னும் இருக்கிறது.

மீனிலும் பார்க்க வேண்டும் என்று மிஸ் ராஜி சந்தையில் கெம்போங் மீன், ஊரில் கானாங்கெளுத்தி என்போம், வாங்கி வந்து ஈரலை எடுத்தார். மீதி மீனைப் பொட்டலம் கட்டி என்னிடம் தந்தார்.

"தனம் அக்காகிட்ட குடுங்க. குழம்பு வெக்கட்டும்."

"படிச்ச மீனும்மா. ருசியா இருக்கும்."

மனித ரத்தம் வேண்டும் என்றார். நான் கையை நீட்டினேன். பத்து நாள் கழித்துத் தபால்தலை நீளத்தில் ஒரு வெள்ளைத் தாள் கொண்டுவந்து காட்டினார். அதில் பக்கத்துப் பக்கத்தில் நான்கு ஊதாக் கோடு. எல்லாம் ஒரே உயரத்தில். நாலாம் எண்ணின் ரத்தம் அந்தப் புரதத்தைப் பிடித்த இடம்தான் கோடு என்றார். கீழே பென்சிலில் ஆங்கிலத்தில் ஈஸ்ட், மீன், எலி என்று இருப்பதாகப் படித்துக் காட்டினார். நாலாவதன் கீழே அண்ணே என்று எழுதியிருந்தார்.

"எனக்கு இன்னொண்ணு இருக்கு. இது உங்களுக்கு."

சிரிப்பைப் பார்த்தேன். அப்படி அவர் சிரித்து அதற்கு முன் பார்த்ததில்லை. பின்னாலும் இல்லை.

4

சோதனைக்கு எடுத்த ரத்தம் தீர்ந்துகொண்டிருந்தது. நாலாம் எண்ணை மயக்கி, இதயத்திலிருந்து முழு ரத்தத்தையும் எடுத்துவிடுவது என்று முடிவானது. முயல் அதோடு முடிந்துவிடும். அந்த ரத்தம் பல வருடத்துக்குக் காணும். மிஸ் ராஜியின் படிப்பு முழுக்க அதில்தான் இருந்தது.

புரொபசர்தான் அதைச் செய்யத் தெரிந்தவர். அவர் வெளிநாடு கிளம்புவதற்கு முன் ஒரு நாள்தான் இருந்தது. தைப்பூசத்துக்கு மறுநாள்.

"அண்ணே, நீங்க பிடிக்கணும். அது உங்களுக்குத்தான் அடங்கும்."

காவடி எடுத்தவன் மறுநாளே விரதத்தை விட முடியாது. மூன்றாம் நாள் இடும்பன் பூசை ஆனால்தான் முடிவு. அதுவரை கவிச்சி இல்லை. உயிர்க்கொலை இல்லை.

"இடும்பன் பூசை முடியாம ரத்தம் தொட மாட்டேன்மா."

அவர் கோயில் குளம் அறிந்த வீட்டுப் பெண். வற்புறுத்தவில்லை. "சரி அண்ணே. மாரிமுத்து பிடிக்கட்டும். நீங்க நல்லபடியா போய்ட்டு வாங்க" என்றார்.

மாரிமுத்து எலி அறைக்காரன். என்னைவிட இளையவன். கை சுத்தம்.

நான் லீவு போட்டுப் போகும் முந்தின நாள் கூண்டுகளைக் கழுவினேன். நாலாம் கூண்டின் அடிக்கம்பி ஓரிடத்தில் விட்டிருந்தது. நாலாம் எண்ணின் பாதம் புண்ணாகியிருந்தது. ஆறாம் கூண்டுக்குப் புது அடித்தட்டு போட்டிருந்தோம். அதற்கு இன்னும் மூன்று நாள்தான், புண்ணோடு ஏன் நிற்க வேண்டும் என்று நாலை எடுத்து ஆறில் விட்டேன். ஆறை நாலில் விட்டேன்.

கூண்டில் தொங்கும் எண் கார்டை மாற்றி மாட்டவில்லை.

முயலின் காதுக்குள் மையால் எண் போட வேண்டும். அது விதி. இரண்டு வாரத்தில் அழிந்துவிடும், திங்கள்தோறும் புதுசாகப் போட வேண்டும். நான் போடுவதை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. எல்லாம் வெள்ளை முயல். மற்றவர்களுக்கு எல்லாம் ஒன்று. எனக்கு ஒவ்வொன்றின் முகமும் தெரியும். முகம் தெரிந்தவனுக்கு எண் எதற்கு என்று இருந்தேன். நான் இல்லாத நாள் ஒன்று வரும் என்று நினைக்கவில்லை. அத்தனை வருடத்தில் நான் லீவு போட்டது குறைவு.

பத்துமலையில் காவடி எடுத்தேன். படி ஏறும்போது கால் நோகவில்லை. கார்டு வரும் என்று அப்போதே தோன்றியது.

5

நான்காம் நாள் காலை வேலைக்குப் போனேன். தலை மொட்டை. மாரிமுத்து பார்த்துவிட்டு, "வாங்க சாமி. தலை நீங்க செரைச்ச முயல் காது மாதிரியே இருக்கு லா" என்றான்.

ஆறு கூண்டும் காலி. கழுவிக் கவிழ்த்திருந்தது.

"எல்லாம் முடிஞ்சிச்சு அண்ணே. நாலாம் நம்பர்ல ரெண்டு போத்தல் எடுத்தாங்க. மத்த அஞ்சையும் முடிச்சு எரிக்கிற எடத்துக்கு அனுப்பியாச்சு. கூண்டு வேற ஆளுக்கு வேணுமாம்."

"எந்தக் கூண்டுலேர்ந்து பிடிச்சே?"

"நாலாம் கூண்டுலேர்ந்துதான். கார்டு தொங்குச்சே."

"காதைப் பாத்தியா?"

"பாத்தேன். மை இல்ல. உங்க முயல் ஒண்ணுலயும் மை இல்லியே அண்ணே." பிறகு சொன்னான். "நீங்க சும்மா பயம் காட்டுனீங்க. ரொம்ப சாது. மடியில பிள்ளை மாதிரி கெடந்துச்சு."

நான் கூண்டுகளை நிமிர்த்தி வைத்தேன். ஆறாம் கூண்டின் மூலையில் வெள்ளை முடி கொஞ்சம் ஒட்டியிருந்தது. எடுத்துப் போட்டேன்.

மாடியில் மிஸ் ராஜி அந்த ரத்தத்தைச் சின்னச் சின்னக் குழாயில் பிரித்து, ஒவ்வொன்றிலும் நான்கு என்று எழுதி உறைபெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "விபூதி எங்க அண்ணே?" என்று கேட்டார். கொடுத்தேன். பூசிக்கொண்டார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தாலும் முயல் சாம்பலாகியிருந்தது. ஆனால் மிச்சமிருந்த பழைய ரத்தம் கொஞ்சத்தை அவர் பத்திரம் பண்ணியிருப்பார். பெரிய போத்தல் வந்துவிட்டது என்ற நம்பிக்கையில் அதை அந்த வாரமே தாராளமாகச் செலவழித்தார். அதை நான் தடுக்கவில்லை.

புரொபசர் திரும்பி வந்து என் கடிதத்தை எழுத வேண்டியிருந்தது.

6

கோடு வரவில்லை. வாரம் வாரமாக வரவில்லை. குப்பைத் தொட்டி கொட்டுகிறவனும் நான்தான். வெள்ளைத் தாளாக வந்து விழுந்தது. மிஸ் ராஜி மருந்தை மாற்றினார். தண்ணீரை மாற்றினார். சாப்பிடப் போவதில்லை. கைவிரல் நடுங்குகிறதா என்று ஒரு நாள் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு கீழே வந்தார்.

"அண்ணே, மாரிமுத்து பிடிச்சது நாலாம் நம்பர்தானே?"

"ஆமாம்மா."

"கார்டு மாறியிருக்காதுல்ல?"

"நான் இருக்கறப்ப எப்படிம்மா மாறும்?"

தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பின் கேட்கவில்லை.

புரொபசர் வந்தார். அவர் அறைக்கு வெளியே நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே மிஸ் ராஜியிடம் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. கேர்லெஸ் என்ற சொல் தெரியும். கலாவின் பள்ளி ரிப்போர்ட்டில் ஒரு வருடம் வந்தது. அது மூன்று தடவை கேட்டது.

அதே வாரம் புரொபசர் என்னைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தார். கலா படித்துத் தமிழில் சொன்னாள். நேர்மையானவர், பொறுப்பானவர், நம்பகமானவர்.

"நல்லா எழுதியிருக்காருப்பா" என்றாள்.

ஜூனில் மிஸ் ராஜியின் உதவித்தொகை நின்றது. புது முயலுக்கு ஊசி போட்டு முதலிலிருந்து தொடங்கக் காலமும் இல்லை, பொருளும் இல்லை. படிப்பு முடியாமலே போனார். எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு கடைசியாக முயல் அறைக்கு வந்தார். "வரேன் அண்ணே" என்றார். அவ்வளவுதான்.

7

மறு வருடம் அழைப்பு வந்தது. மலாயில் கேள்வி கேட்பார்கள் என்று கலா ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தாள். நான் தப்பாகச் சொன்னால் உச்சுக்கொட்டுவாள். இருபது வருடம் இருந்தும் இவ்வளவுதானா என்பாள். ஆங்கிலத்தில்தான் சொல்வாள், எனக்குப் புரியாது என்ற நினைப்பில். அவ்வளவு புரியும்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய்க்கார அதிகாரி என்ன வேலை என்று கேட்டார். ஜாகா அர்னாப் என்றேன். முயல் காவல். அவர் சிரித்துவிட்டார். முயல் தப்பித்து ஓடுமா என்று கேட்டார். என் கையில் ஒன்றும் ஓடியதில்லை துவான் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. உறுதிமொழி சொல்லச் சொன்னார். உண்மையாக இருப்பேன் என்று அதில் வரும். சொன்னேன்.

நீலக் கார்டு வந்தது. நிரந்தர வேலையும் வந்தது. பாக்கி இரண்டு காவடியை எடுக்கவில்லை. தனம் பயந்தாள். தெய்வத்துக்குச் சொன்னதை முடிக்கவில்லையே என்றாள். முருகன் வந்து கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். முன்னால் எடுத்த அந்த ஒரு காவடிக்கே கணக்குத் தீரவில்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

8

போன வருடம் கலா பங்சாரில் தோழிகளோடு வாடகைக்குப் போய்விட்டாள். நடந்துபோகிற தூரம். இருந்தாலும் போன் பண்ணித்தான் வரவேண்டும் என்கிறாள். அவள் அறையை ஒழித்தபோது பழைய மனுத் தாள்களோடு அந்த வெள்ளைத் துண்டு கிடைத்தது. கோடு நாலும் மங்கிவிட்டது. பென்சில் எழுத்து அப்படியே இருந்தது.

மிஸ் ராஜி கிள்ளானில் டியூஷன் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுப்பதாக மாரிமுத்து சொல்லியிருந்தான். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன். துணிக்கடைக்கு மேலே மாடி. பிள்ளைகள் போகும்வரை படியில் நின்றேன். மிஸ் ராஜிக்கு முன்முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"உக்காருங்க அண்ணே. தனம் அக்கா சௌக்கியமா?"

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். கூண்டு மாற்றியதை, கார்டு மாற்றாததை, மை போடாததை, அவர் கேட்டபோது பொய் சொன்னதை. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடித்துவிட்டுத் திரும்பினார்.

"ஆறாம் நம்பர்னு எனக்குத் தெரியும் அண்ணே."

துடைத்த துணியைக் கையில் வைத்தபடி மேலே சொன்னார்.

"அந்த ஊசியில புரதத் துண்டோட வேற ஒரு பொருளும் ஒட்டியிருக்கும். ஊசி போட்ட அஞ்சு முயல் ரத்தத்துலயும் அதுக்கு எதிர்ப்பு இருந்துச்சு. அந்த ரெண்டு போத்தல்ல அதுவும் இல்ல. ஊசியே போடாத முயல்தான் அது. உங்ககிட்ட வந்து கேட்டேன்ல. அதுக்கு அடுத்த வாரமே பாத்துட்டேன்."

"ஏம்மா சொல்லல?"

"உங்க லெட்டர் புரொபசர் மேசையில டைப் பண்ணிக் கெடந்துச்சு. கையெழுத்து மட்டும் பாக்கி." துணியை உதறினார். "சொன்னா அது போயிரும். சொன்னாலும் முயல் வராது. ஒரு வாரம் பாத்தேன், நீங்களா வந்து சொல்வீங்கன்னு."

துணியைப் பலகை ஓரத்தில் மாட்டினார்.

"மன்னிச்சிட்டேன்னு எடுத்துக்காதீங்க அண்ணே. எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல. அப்பா சாகறவரைக்கும் என் கைதான் சரியில்லன்னு நெனச்சிட்டே போனாரு."

நான் சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இருட்டுல வெச்சிருக்கணும். மங்கிப் போச்சு."

"உங்ககிட்ட ஒண்ணு இருக்குன்னீங்க."

"எல்லாத்தையும் போட்டுட்டேன்."

அதைத் திருப்பித் தரவில்லை. வருகைப் பதிவேட்டைத் திறந்து நடுவில் வைத்து மூடினார். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் படியேறி வரும் சத்தம் கேட்டது. நான் கிளம்பினேன்.

கலா போன் செய்தபோது சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"இத்தனை வருஷம் கழிச்சு ஏன்பா போய்ச் சொன்னீங்க? உங்களுக்கு மனசு லேசாகணும்னா? அவங்களுக்கு என்ன கெடச்சிச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"அப்புறம்?"

அப்புறம் எதுவும் இல்லை. என் மனசும் லேசாகவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

9

இன்று திங்கட்கிழமை. இப்போது என் பொறுப்பில் எட்டு முயல். காலையில் வரிசையாக எடுத்து, காதைத் துடைத்து, உள்ளே மையால் எண் போட்டேன். கூண்டுக் கார்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மாரிமுத்து வாசலில் சாய்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நாளை அவன் பத்துமலைக்குப் போகிறான்.

"போன வாரம் போட்ட மை இன்னும் பளிச்சுன்னு இருக்கு. அதுமேலயே போடுறீங்க. உங்களுக்குத்தான் ஒவ்வொண்ணோட முகமும் தெரியுமே அண்ணே. எதுக்கு இந்த வேலை?"

ஐந்தாம் எண்ணைக் கையில் வைத்திருந்தேன். அது மூக்கை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது.

"எனக்கு முகம் தெரியாது" என்றேன். ஆறாவதை எடுத்தேன்.